விடியலுக்குள் மழைச் செய்தி வராவிட்டால்: வீட்டு மழைமானிக்கான பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவில் ஈப்போ நகருக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டில், பட்டணத்தை விட்டுச் சற்றே வெளியேறினால் இன்றைக்கும் சாலையின் இரு பக்கமும் பால்மரமும் செம்பனையும் தொடர்கின்றன. சொந்தமாகச் சில ஏக்கர் பால்மரம் வைத்திருப்பவர்களுக்கு, இரவு மழை பெய்ததா, எவ்வளவு பெய்தது என்பது விடியுமுன் தெரிய வேண்டிய செய்தியாகும். பட்டை நனைந்திருந்தால் பால் கோப்பைக்குள் இறங்காமல் மரத்தின் மீதே பரவி வழிந்துவிடும் என்பதால், அன்று மரம் சீவுவதில் பயனில்லை. மென்பொருள் எழுதுவது என் தொழில். ஓய்வு நேரத்தில் நான் அமைத்த கருவி கூரையோரத்தில் மழையை அளந்து, விடியற்காலை 4 மணிக்கு அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு வரிச் செய்தி அனுப்புகிறது. இத்தகைய கருவியை அமைத்து, அது திடீரென்று பேச மறுக்கும்போது எங்கே தொடங்குவது என்று திகைக்கும் மென்பொருளாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அமைப்பு எளியது. வெளியே, மழைநீர் ஏந்தும் சிறு வாளி நிறைந்து கவிழும் ஒவ்வொரு முறையும் துடிப்பு ஒன்றை அனுப்பும் மழைமானியும், தண்ணீர்த் தொட்டியின் மூடியில் பொருத்திய மீயொலி உணரியும் இருக்கின்றன. இவ்விரண்டையும் இ.எஸ்.பி 32 சில்லு படித்து, வைஃபை வழியாக வீட்டுக்குள் இருக்கும் ராஸ்பெரி பை 4 கணினிக்கு எம்.கியூ.டி.டி என்னும் சிறு செய்திகளுக்கான நெறிமுறையில் அனுப்புகிறது. பை கணினியில் மொஸ்கிட்டோ என்னும் செய்தி வழங்கி, எஸ்.கியூ.லைட் தரவுத்தளம், பைத்தான் நிரல் ஆகியவை ஓடுகின்றன. அந்த நிரல் டெலிகிராமுக்கும், டெலிகிராம் இல்லாத பெரியவர்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புவதுடன், வாசலில் மாட்டியுள்ள மின்தாள் திரையிலும் அதே வரியை எழுதுகிறது.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். பகல் முழுவதும் நிரலோடு புழங்குவதால், கோளாறு என்றதும் நம் கை நிரலைத் திறக்கவே போகிறது. நேற்றுவரை சரியாக ஓடிய நிரலை யாரும் தொடாதிருக்கும்போது, ஒரே இரவில் மாறக்கூடியவை மின்சாரம், கடிகாரம், கம்பி, வலை ஆகியவையே. ஆகவே அந்த வரிசையிலேயே தேடிவிட்டு, நிரலைக் கடைசியில் திறவுங்கள். அதுபோலவே, மறுதொடக்கம் செய்யுமுன் பதிவேட்டை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் பதிவேடான ஜர்னல் நினைவகத்தில் மட்டும் சேமிக்கும்படி அமைந்திருந்தால், மறுதொடக்கத்தோடு கோளாறின் தடயம் முழுவதும் அழிந்துவிடும். அதை நிலையான சேமிப்புக்கு மாற்றுவது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: இடி மழைக்குப் பிறகு எதுவுமே வரவில்லை

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், பருவக்காற்று மாறும் காலத்தில், பிற்பகலில் திரளும் இடி மழை இந்த வட்டாரத்துக்குப் பழகியது. முதலில் வீட்டின் மின் பெட்டியைத் திறந்து, மின்கசிவுக் காப்புச் சுவிட்சு கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அருகில் மின்னல் இறங்கினால் வீட்டில் எந்தப் பழுதும் இல்லாமலே அது விழக்கூடும். வீட்டில் ஆள் இல்லாத நாளில் அதைத் தூக்கிவிட யாரும் இல்லாததால், குளிர்சாதனப் பெட்டியோடு சேர்ந்து நம் கருவியும் இருளில் கிடக்கும். தூக்கியவுடன் மறுபடியும் விழுந்தால் நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின் பணியாளரை அழையுங்கள்.

சுவிட்சு மேலே இருந்தும் கருவிக்கு உயிர் இல்லையென்றால், மூன்று முனைச் செருகியைக் கழற்றி உள்ளே உள்ள உருகியைப் பாருங்கள். நம் நாட்டுச் செருகிகளில் 3 ஆம்பியர் அல்லது 13 ஆம்பியர் உருகி இருக்கிறது என்பதை மென்பொருளாளர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். அடுத்து, வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு செப்புக் கம்பியையும் சந்தேகியுங்கள். மின்னலின் அதிர்ச்சி மின் இணைப்பு வழியாக மட்டும் வருவதில்லை. நீளமான உணரிக் கம்பியும் வலைக் கம்பியும் அதற்கு வழியாகின்றன. பை கணினி எழுந்தும் அதன் வலை முனை மட்டும் செத்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. வெளிக் கருவிக்கும் உள் கருவிக்கும் இடையே கம்பி இழுக்காமல் வைஃபையை நான் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அறிகுறி: தானாகவே நின்று நின்று எழுகிறது

மாதக்கணக்கில் மனிதரை அலைக்கழிப்பது இந்த அறிகுறிதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பை கணினியைத் திரையோடு இணைத்தால், மூலையில் மஞ்சள் நிற மின்னல் குறி தோன்றுகிறதா என்று பாருங்கள். உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது அந்தக் குறி தோன்றும். திரை இல்லாமல் ஓட்டுபவர்கள் விசிஜென்கமாண்ட் (vcgencmd get_throttled) என்னும் கட்டளையில் த்ராட்டில் நிலையை, அதாவது வேகம் குறைக்கப்பட்டதா என்பதை, கேட்கலாம். பூச்சியம் வந்தால் நலம். பதினாறடிமான முறையில் 50000 என்று வந்தால், கணினி எழுந்த பிறகு எப்போதோ ஒருமுறை மின்னழுத்தம் குறைந்து, அதனால் வேகமும் குறைக்கப்பட்டது என்று பொருள். 50005 என்று வந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இக்கணத்திலும் அந்தக் குறை நீடிக்கிறது.

மின்மாற்றியின் மீது 5 வோல்ட், 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதே, பிறகு எப்படிக் குறையும் என்ற கேள்வி எழும். விடை பெரும்பாலும் கம்பியில் இருக்கிறது. மெல்லிய யூ.எஸ்.பி கம்பியின் போக்கும் வரவும் சேர்ந்து கால் ஓம் மின்தடை இருந்தால், 2 ஆம்பியர் பாயும்போது அக்கம்பியிலேயே அரை வோல்ட் தொலைந்துவிடும். புறப்பட்ட 5.1 வோல்ட், 4.6 ஆகத்தான் வந்து சேரும். அது எச்சரிக்கை எல்லைக்குக் கீழே. கணினி சும்மா இருக்கும்போது இந்தக் குறை தெரியாது. தரவுத்தளம் எழுதும்போதும், யூ.எஸ்.பியில் செருகிய தகடு சுழலத் தொடங்கும்போதும் மட்டும் தெரியும். அதனால்தான் நிரலின் குறிப்பிட்ட ஒரு வரியில் கோளாறு இருப்பதுபோன்ற மயக்கம் உண்டாகிறது. பை 4 கணினிக்கென்று விற்கும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் மின்மாற்றியையே, அதனோடு இணைந்து வரும் கம்பியோடு பயன்படுத்துங்கள். பை 5 கணினிக்கு 5 ஆம்பியர் மின்மாற்றி பரிந்துரைக்கப்படுகிறது.

வெளியே உள்ள இ.எஸ்.பி 32 இதே நோயை வேறு விதமாகச் சொல்லும். அதன் தொடர் வெளியீட்டைப் பார்த்தால், பிரௌன்அவுட் (மின்னழுத்தக் குறைவு) கண்டறியப்பட்டது என்ற வரிக்குப் பிறகு அது மறுதொடக்கம் ஆகும். வைஃபை அலை பரப்பும் நொடியில் அந்தச் சில்லு சில நூறு மில்லி ஆம்பியரை ஒரேயடியாக இழுக்கும்; நீண்ட மெல்லிய கம்பியின் முனையில் அதற்கு மின்னழுத்தம் தாங்காது. சில்லுக்கு மிக அருகில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை மின் முனைகளுக்குக் குறுக்கே பற்றவைப்பதும், கம்பியைத் தடிமனாக்குவதும் உதவும். பிரௌன்அவுட் காவலையே நிரலில் அணைத்துவிடும்படி சிலர் சொல்வதை ஏற்காதீர்கள். அணைத்துவிட்டால் கருவி நிற்காமல் ஓடும், ஆனால் தவறான எண்களைக் கொடுத்தபடி ஓடும். நின்றுபோவதைவிடத் தவறாக ஓடுவதே ஆபத்தானது.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் பகலில் மட்டும் மெதுவாகிறது என்றால் வெப்பத்தைப் பாருங்கள். துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர்கீழே, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் பை கணினி 80 பாகை செல்சியஸை எட்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைக் கூரையிலிருந்து இறக்கிச் சுவரின் கீழ்ப்பகுதியில் மாட்டினாலே போதும்.

அறிகுறி: எழுந்துவிட்டது, ஆனால் எதையும் எழுத மறுக்கிறது

கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதால் எஸ்.டி அட்டை சிதைந்திருக்கலாம், அல்லது அட்டையின் ஆயுள் முடிந்திருக்கலாம். கர்னல் செய்திகளில் ஈ.எக்ஸ்.டி 4 கோப்பு முறைமைப் பிழைகள் அடுக்கடுக்காக வந்திருந்தால் ஐயமில்லை. கருவியை அணைத்து, அட்டையைக் கழற்றி, வேறு லினக்ஸ் கணினியில் முழு அட்டையையும் ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொண்டு, பழுதுநீக்கத்தை அந்த நகலின் மீது செய்யுங்கள். சாகும் நிலையில் உள்ள அட்டையின் மீது நேரடியாகப் பழுதுநீக்கும் கட்டளையை ஓட்டினால், மீட்கக்கூடிய தரவும் போய்விடலாம்.

பிறகு எஸ்.கியூ.லைட்டில் முழுமைச் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். வால் (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் குறித்துவைக்கும் முறையில், தரவுத்தளம் ஓடும்போது, அண்மைய பதிவுகள் முதன்மைக் கோப்பில் அல்லாமல் பக்கத்தில் உள்ள வால் கோப்பில் இருக்கக்கூடும். ஆகையால் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்துவிட்டு நேற்றைய மழையைக் காணவில்லை என்று தேடுவதில் பொருளில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை நகலெடுக்க அதன் சொந்தக் காப்புக் கட்டளையே உரியது. மின்வெட்டு வழக்கமாக உள்ள இடத்தில், இயக்க முறைமை இருக்கும் அட்டையில் எதுவும் எழுதப்படாதபடி மேலடுக்கு (ஓவர்லே) முறையில் பூட்டிவிட்டு, தரவுத்தளத்தை மட்டும் யூ.எஸ்.பி திண்மத் தகட்டில் வைப்பதே நீடிக்கும் ஏற்பாடு.

அறிகுறி: செய்தி வருகிறது, வேளை தவறி வருகிறது

4 மணிச் செய்தி நண்பகல் 12 மணிக்கு வந்தால், கணினியின் நேர வலயம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. மலேசியா அதற்கு 8 மணி நேரம் முன்னே நிற்கிறது. வலயத்தை ஆசியா, கோலாலம்பூர் என்று மாற்றிய பிறகு, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் சேவையையும் மறுதொடக்கம் செய்யுங்கள், ஏனெனில் ஏற்கெனவே ஓடும் சேவை பழைய வலயத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் டெலிகிராமுக்குச் செய்தி போகவில்லை, பதிவேட்டில் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பிழை இருக்கிறது என்றால், காரணம் கடிகாரம்தான். பை 4 கணினியிலும் அதற்கு முந்தையவற்றிலும் மின்சாரமின்றி ஓடும் கடிகாரம் கிடையாது. அணையுமுன் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே அது தொடங்கும். மின்சாரம் திரும்பும்போது ரௌட்டரும் பை கணினியும் ஒரே சமயத்தில் எழுகின்றன. ரௌட்டர் இணையத்தைப் பிடிக்குமுன் நம் நிரல் ஓடத் தொடங்கிவிட்டால், கடந்த காலத்தில் நின்றுகொண்டே பேசும். நேர ஒத்திசைவு முடியும்வரை காத்திருக்கும்படி சேவைக் கோப்பில் எழுதுங்கள். இணையம் நெடுநேரம் வராத வீடுகளுக்கு டி.எஸ் 3231 கடிகாரத் தொகுதி ஏற்றது. ஆனால் மலிவாகக் கிடைக்கும் அத்தொகுதிகள் பலவற்றில் மறுமின்னேற்றும் சுற்று ஒன்று உள்ளது. மறுமின்னேற்ற முடியாத சி.ஆர் 2032 மின்கலத்தை அதில் வைப்பதாக இருந்தால், அந்தச் சுற்றின் மின்தடையை முதலில் நீக்கிவிட வேண்டும். இல்லையேல் மின்கலம் வீங்கும்.

மழையோடு பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்பும்படி உறவினர் கேட்பது இயல்பு. அப்படிச் சேர்த்த பிறகு, இளையவர்களுக்குச் சரியாகவும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு நாள் முந்தியும் வாழ்த்து போகிறது என்றால், நம் நாட்டின் நேர வரலாற்றை நினைவுகூர வேண்டும். தீபகற்ப மலேசியா 1982 சனவரி 1 முதல்தான் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னே நிற்கிறது. அதற்கு முன் 7 மணி 30 நிமிடம். 1970இல் பிறந்தவரின் நள்ளிரவுத் தேதியை நிலையான 8 மணி நேரக் கணக்கில் சேமித்துவிட்டு, நேர வலயத் தரவுத்தளத்தின் வழியாக அதைத் திரும்பப் படித்தால், முந்தைய நாள் இரவு 11.30 என்று வரும். தேதி ஒன்று குறைந்துவிடும். பிறந்தநாளை நேரமாகச் சேமிக்காமல் ஆண்டு, மாதம், நாள் என்று மட்டுமே சேமித்தால் இந்தக் கோளாறுக்கு இடமில்லை.

அறிகுறி: "தம்பி, மழைன்னு போட்டிருக்கு, வெளியே தரை காய்ஞ்சு கிடக்கே"

பெய்யாத மழையைக் கருவி எண்ணுவதற்கு மூன்று காரணங்களை முறையே பாருங்கள். முதலாவது, இ.எஸ்.பி 32 சில்லின் 34 முதல் 39 வரையிலான முனைகளில் மழைமானியை இணைத்திருக்கலாம். அம்முனைகள் உள்ளீட்டுக்கு மட்டுமே உரியவை. முனையை 3.3 வோல்ட்டில் நிறுத்திவைக்கும் மேலிழு மின்தடை அவற்றுக்குள் கிடையாது. நிரலில் மேலிழுப்பைக் கேட்டு எழுதியிருந்தாலும் பயனில்லை. முனை அந்தரத்தில் மிதந்து, பக்கத்தில் குழல் விளக்கு எரிந்தால்கூடத் துடிப்பை எண்ணும். முனைக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வெளியே வையுங்கள், அல்லது வேறு முனைக்கு மாறுங்கள்.

இரண்டாவது, மழைமானியில் துடிப்பை உண்டாக்கும் காந்த நாணல் சுவிட்சு ஒருமுறை மூடும்போது சில மில்லி நொடிகள் அதிர்ந்து, ஒரு கவிழ்ப்பைப் பலவாகக் காட்டும். பரவலாகக் கிடைக்கும் மழைமானிகளில் ஒரு கவிழ்ப்பு 0.2794 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மணிக்கு 200 மில்லிமீட்டர் என்ற பேய் மழையிலும் இரண்டு கவிழ்ப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 5 நொடி இருக்கும். ஆகவே ஒரு துடிப்புக்குப் பின் 200 மில்லி நொடிக்குள் வரும் எதையும் தயங்காமல் தள்ளிவிடலாம். உண்மையான மழையில் ஒரு துளியும் குறையாது.

மூன்றாவது, வாசல் திரையில் காண்பது நேற்றைய எண்ணாக இருக்கலாம். எம்.கியூ.டி.டியில் தக்கவைக்கும் குறியோடு அனுப்பிய செய்தியை மொஸ்கிட்டோ பத்திரமாக வைத்திருந்து, புதிதாக இணையும் ஒவ்வொரு கருவிக்கும் உடனே கொடுக்கும். வெளிக் கருவி இறந்து கிடந்தாலும் திரை மறுதொடக்கம் ஆனதும் பழைய மழையைப் புதியதுபோலக் காட்டும். ஒவ்வொரு செய்திக்குள்ளும் அளந்த நேரத்தைச் சேர்த்து அனுப்பி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் திரையில் எண்ணுக்குப் பதிலாகத் தகவல் இல்லை என்று எழுதுங்கள். தவறான எண்ணை நம்பி ஒருவர் ஒரு நாள் வருமானத்தை இழப்பதைவிட, தகவல் இல்லை என்று படிப்பது மேல்.

பெய்த மழை குறைவாக வருகிறது என்றால் நிரலை விட்டுவிட்டு ஏணியை எடுங்கள். புனலில் பால்மர இலையும், உள்ளே எறும்புப் புற்றும், வாளியின் அச்சில் சேறும் இருக்கும். துடைத்த பிறகு அளவைச் சோதியுங்கள். புனல் வாயின் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டர் மழை 0.1 மில்லிலிட்டர் ஆகும். வாய் 11க்கு 5 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 55. ஒரு கவிழ்ப்புக்கு ஏறத்தாழ 1.54 மில்லிலிட்டர். அடியில் ஊசித் துளையிட்ட போத்தலிலிருந்து 100 மில்லிலிட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 65 கவிழ்ப்புகள் வர வேண்டும். கவிழ்த்து ஊற்றினால் குறையும், ஏனெனில் வாளி திரும்பும் நேரத்தில் விழும் நீர் எண்ணப்படாமல் போகிறது. கன மழையில் இவ்வகை மழைமானி சற்றுக் குறைத்தே காட்டும் என்பதும் அதனால்தான்.

அறிகுறி: தொட்டி நீர் மட்டம் நண்பகலில் தானே மாறுகிறது

ஒலியின் வேகம் 20 பாகையில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். ஒவ்வொரு பாகைக்கும் 0.6 மீட்டர் கூடுகிறது. விடியலில் 24 பாகையாக இருக்கும் தொட்டிக் காற்று நண்பகலில் 38 பாகையானால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் மூன்றரை சென்டிமீட்டர் வேறுபாடு வரும். வெப்ப உணரி ஒன்றைச் சேர்த்து வேகத்தைத் திருத்துங்கள். தொட்டி நிரம்பும்போது மட்டும் எண் தாறுமாறாகிறது என்றால், நீர் புகாத உணரிகள் ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தூரத்தை அளக்க இயலாதவை என்பதை நினைத்து, மூடியின் மேல் ஒரு குழாய்த் துண்டை வைத்து உணரியை உயர்த்துங்கள்.

அறிகுறி: வலையில் இணைவதும் அறுவதுமாக இருக்கிறது

இ.எஸ்.பி 32 சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரௌட்டரில் இரு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து வையுங்கள். வைஃபை இருந்தும் மொஸ்கிட்டோ இணைப்பை மறுத்தால் அதன் பதிப்பைப் பாருங்கள். 2.0 பதிப்பு முதல், அமைப்புக் கோப்பில் லிஸனர் வரி இல்லையென்றால் அது தன் கணினிக்குள்ளிருந்து வருவோரிடம் மட்டுமே பேசும். லிஸனர் 1883 என்ற வரியையும், கடவுச்சொல் கோப்பையும் சேர்த்தால் தீரும். இணைந்த சில நொடிகளில் அறுந்து, மீண்டும் இணைந்து, மறுபடியும் அறுகிறது என்றால், இரண்டு கருவிகள் ஒரே கிளையண்ட் அடையாளத்தோடு (கிளையண்ட் ஐடி) இணைகின்றன. நெறிமுறைப்படி புதியவர் வந்ததும் பழையவர் வெளியேற்றப்படுவார். மாதிரி நிரலை அப்படியே இரண்டு சில்லுகளில் ஏற்றியவர்களுக்கு இது நிச்சயம் நேரும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கருவியை அடைய முடியவில்லை, ரௌட்டரில் வாயில் (போர்ட்) திறந்தும் பயனில்லை என்றால், ரௌட்டர் காட்டும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்தளிக்கிறது. கைப்பேசிச் சேவை வழியாக இணையம் பெறும் வீடுகளில் இது வழக்கம். அங்கே உள்நோக்கி வர வழியில்லை; கருவியே வெளிநோக்கிச் சென்று ஒரு சேவையகத்தோடு வயர்கார்ட் என்னும் மறைகுறியாக்கிய இணைப்புச் சுரங்கம் அமைத்துக்கொள்வதுதான் முறை.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது

உடையும் விதமே காரணத்தைச் சொல்லிவிடும் என்பதால், திரையைப் படம் பிடித்து உற்றுப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். கேள்விக்குறிகள் வந்தால், தமிழ் அறியாத குறிமுறைக்கு எங்கோ மாற்றப்பட்டு எழுத்து அழிந்துவிட்டது. காட்டும் இடத்தில் அல்ல, சேமிக்கும் இடத்தில் தேடுங்கள். வரியின் இறுதியில் மட்டும் கேள்விக்குறி பொறித்த கருப்புச் சாய்சதுரம் வந்தால், ஒரு எழுத்தின் நடுவே பைட்டுகள் வெட்டுண்டிருக்கின்றன. யு.டி.எஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட்டு. தமிழ் என்ற சொல் கண்ணுக்கு 3 எழுத்து, யுனிகோடில் 5 குறியெண், சேமிப்பில் 15 பைட்டு. இ.எஸ்.பி 32 பயனர்கள் பலரும் எடுக்கும் பப்சப்கிளையண்ட் நூலகம் இயல்பாக 256 பைட்டுக்கு மேற்பட்ட செய்தியை, எந்த ஓசையுமின்றி, அனுப்பாமல் விட்டுவிடும். ஆங்கிலத்தில் சோதித்தபோது போன செய்தி தமிழில் போகாததன் காரணம் இதுவே. அனுப்பும் கட்டளை திருப்பித் தரும் விடையைச் சோதியுங்கள், இடையகத்தின் அளவைக் கூட்டுங்கள்.

மின்தாள் திரையில் எழுத்துகள் இருந்தும் வரிசை மாறி நின்றால், அதாவது மெ என்பதில் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றால், பைத்தானின் பில்லோ நூலகம் ராக்ம் துணையின்றி ஓடுகிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சேமிப்பில் மெய்க்குப் பின்னே இருந்தாலும் காட்சியில் முன்னே வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் வடிவாக்கப் பொறி, அதை பில்லோவிடம் கொண்டுவருவது ராக்ம். பில்லோவின் வசதிச் சோதனையில் ராக்ம் இல்லை என்று வந்தால் அதை நிறுவிவிட்டு மறுபடி வரையுங்கள். எழுத்துகளை நாமே இடம் மாற்றி வைக்கும் குறுக்கு வழியில் இறங்காதீர்கள்; கொ, கோ, கௌ என்று போகப் போக அது முடிவில்லாத வேலை.

பெயர்ப் பட்டியலில் இருக்கும் ஒருவரைத் தேடினால் கிடைக்கவில்லை என்பதும் இதே குடும்பத்துக் கோளாறு. கொ என்பதை க, ொ என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். க, ெ, ா என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றேயான இவை கணினிக்கு வேறு வேறு. சேமிக்குமுன், இவற்றை ஒரே வடிவமாக்கும் யுனிகோடின் என்.எஃப்.சி முறையில் சீராக்குங்கள். ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டியவர்களின் பிழையை மட்டும் எந்தச் சீராக்கமும் திருத்தாது. கையால் திருத்த வேண்டும். கோயில் நிர்வாகத்தின் பழைய கணினியிலிருந்து வரும் பட்டியல் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தால், அது யுனிகோடுக்கு முந்திய டிஸ்கி முறையில் தட்டப்பட்டதாக இருக்கலாம். நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டிய பழைய கோப்புகள் இன்னும் பல அலுவலகங்களில் கிடக்கின்றன. ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நூலகத்தில் டிஸ்கியை யுனிகோடாக்கும் வசதி உண்டு.

குறுஞ்செய்தி இரண்டாகப் பிரிந்து வருகிறது, கட்டணமும் இரட்டிக்கிறது என்றால், ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் 160 என்ற எல்லை 70 ஆகக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். "சுங்கை சிப்புட்: இரவு மழை 12.3 மி.மீ. பட்டை ஈரம்." என்ற வரி 49 குறியெண்களில் அடங்குகிறது. மீதம் 21 குறியெண்களே; இதற்கு மேல் நீண்ட வாக்கியம் சேர்க்க இடம் போதாது.

அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடுவதில்லை

இங்கேதான் நிரலின் பக்கம் வருகிறோம், இங்கும் பெரும்பாலும் நிரலில் குறை இல்லை. கிரான் ஓட்டும்போது நீங்கள் கட்டளை தட்டும் ஷெல்லின் சூழல் மாறிகள் எவையும் அதற்குத் தெரியாது; கட்டளைப் பாதை மிகக் குறுகியது; தொடக்க அடைவும் வேறு. டெலிகிராம் சாவியைச் சூழல் மாறியில் வைத்திருந்தால் அது வெறுமையாகவே வரும். பைத்தானின் முழுப் பாதையையும், கோப்புகளின் முழுப் பாதைகளையும் எழுதுங்கள், பிழை வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். சிஸ்டம்-டி சேவையாக மாற்றினால் சூழல் கோப்பையும், வலை வந்த பிறகே தொடங்கு என்ற நிபந்தனையையும் ஒரே இடத்தில் எழுதலாம். எனக்கு அதுவே உகந்ததாகத் தெரிகிறது.

எதைத் திருத்தினாலும் விடியும்வரை காத்திருந்து பார்க்க வேண்டாம். செய்தியில் சோதனைக் குறி ஒன்றைச் சேர்த்து, பெறுநர் பட்டியலை உங்கள் ஒரு எண்ணாகக் குறைத்து, அனுப்பும் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி அமைத்துவிட்டு, புனலில் 100 மில்லிலிட்டரைச் சொட்டவிடுங்கள். 65 கவிழ்ப்புகள் 18.2 மில்லிமீட்டராகக் கைப்பேசிக்கு வந்து சேர்ந்ததும், சோதனைக் குறியிட்ட பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கி, நேரத்தை 4 மணிக்குத் திருப்பி, பெறுநர் பட்டியலை மீண்டும் சேர்த்துவிடுங்கள்.